ஒரு முனை தள்ளி

பேர்கன், நோர்வே
09.01.2025

பாசமுள்ள சரீப் மாமாவுக்கு நிஸ்றா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமாவும் மாமியும் என் உம்மாவும் காத்தான்குடியில் நல்ல சுகம் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குச் சளி மட்டும்தான். இந்த ஊரில் மழை பெய்வது செய்தியே இல்லை, பெய்யாவிட்டால்தான் செய்தி. தட்டச்சு செய்து அனுப்பினால் 'வங்கியிலிருந்து வந்த கடிதம்போல இருக்கிறது' என்பீர்கள். அதனால் கையால் எழுதி, போட்டோ எடுத்துப் போனில் அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். குரல்பதிவு வேண்டாம். அதில் பாதி நேரம் 'ஹலோ, ஹலோ' என்றே போய்விடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நண்டுக் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது! வாவியில் ஐந்து இடங்களில் நீங்கள் நண்டு பிடிக்க வைத்த நாற்பது கூடு, பதினான்கு மாதம் விடாமல் எழுதிய கொப்பி, அதில் முதல் மூன்று மாதம் நான் துறையில் தராசோடு இருந்து அளந்த குஞ்சு நண்டுகள், எல்லாம் அச்சேறப் போகின்றன. ஆசிரியர் வரிசையில் முதலில் நான், இரண்டாவது நீங்கள், மூன்றாவது என் மேற்பார்வையாளர். 'சரீப், வாவி மீனவர்' என்றுதான் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. இப்படிப்பட்ட கட்டுரையை வாசிக்க வேண்டுமென்றால் வழக்கமாகப் பதிப்பகம் முப்பத்தைந்து டொலர் கேட்கும். எழுதினவர் மூவாயிரம் டொலர் கட்டினால் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடும். நம்மால் அது முடியாது. ஆனால் எங்கள் பல்கலைக்கழக நூலகம் அந்தப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது. கட்டுரைக்குப் பொறுப்பாக நின்று கடிதத் தொடர்பு வைப்பவர் இந்தப் பல்கலைக்கழகத்து ஆளாக இருந்தால், நூலகம் வருடத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதிலேயே அது அடங்கிவிடும். நூலக அம்மணி ஒருவர் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. பிறகு உலகத்தில் யாரும் வாசிக்கலாம், அச்செடுக்கலாம், வரைபடத்தைப் பாவிக்கலாம். நம் பெயரைச் சொன்னால் போதும்.

உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும். படிவம் அனுப்பியிருக்கிறேன். முப்பத்தோராம் திகதிக்கு முன் வரவேண்டும். உம்மாவை மருந்து விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

துஆவுடன்,
நிஸ்றா

காத்தான்குடி
27.01.2025

அன்பின் மருமகள் நிஸ்றாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கு யாவரும் சுகம். உன் உம்மா மருந்து எடுக்கிறார், ஆனால் எடுக்கும்போது என்னைத்தான் முறைக்கிறார். இங்கேயும் மழைதான். நாம் ஆறு என்கிற வாவியின் வெள்ளம் துறையின் மூன்றாம் படிவரை வந்தது. முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகே வடியத் தொடங்கியது. ஒன்பது நாளாகத் தொழில் இல்லை.

மேற்படி கட்டுரை தொடர்பாக. (பதினொரு வருடம் மீனவர் சங்கச் செயலாளராக இருந்த கை. 'மேற்படி' போடாமல் ஓடாது.) படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியுள்ளேன். என் பெயர் அச்சில் வரப்போவதை மாமி வீதி முழுக்கச் சொல்லிவிட்டார். இறைச்சிக் கடையில் என்னை 'சேர்' என்று கூப்பிடுகிறார்கள்.

ஒரு விடயம் கேட்கவேண்டும். அதைத் திறந்துதான் விடவேண்டுமா? அந்த முப்பத்தைந்து டொலர்ப் பூட்டு அப்படியே கிடந்தால் என்ன? தேவையான படித்தவர்கள் கட்டி வாசித்துக்கொள்வார்கள். நம் துறையில் யார் ஆங்கிலத்தில் வாசிக்கப் போகிறார்கள்? இது என் அபிப்பிராயம் மாத்திரமே. உன் நூலகத்தாரிடம் கேட்டுப் பார்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
மாமா சரீப்

பேர்கன்
12.02.2025

என் அருமை 'சேர்' மாமாவுக்கு, ஸலாம்.

சளி போய்விட்டது. உம்மாவின் முறைப்பைக் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் வந்து பங்கு எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை என் அறைத்தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன், சிரித்தாள். மாமா, உங்களுக்கு வெட்கம்! முழு ஊருக்கும் முன்னால் பெயர் வருகிறது என்றதும் பூட்டு வேண்டுமாம். இரண்டாவது ஆசிரியர் கட்டுரையைப் பூட்டி வைக்கச் சொன்ன கதையை நூலக அம்மணியும் இதற்கு முன் கேட்டதில்லை.

நான்காம் திகதியே திறந்துவிட்டார்கள். இனி மூட முடியாது. அனுமதிப் பத்திரம் அப்படிப்பட்டது, ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். இணைப்பை அனுப்பியிருக்கிறேன், அமுக்கிப் பாருங்கள். நாலாம் பக்கத்தில் வரைபடம். நீங்கள் பேனாவால் போட்ட ஐந்து புள்ளியும் அப்படியே. ஐந்தாவது, பாலையடி முனை, மற்ற நாலையும்விடப் பெரிய சிவப்பு வட்டம். பத்துக் குஞ்சு நண்டில் ஏழு அங்கேதான் கிடைத்தது என்று உங்கள் கொப்பி சொல்கிறது. கட்டுரையின் உயிரே அந்த வட்டம்தான்.

இந்த ஆய்வு என் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்களில் ஒன்று. செப்டெம்பரில் வாய்மொழிப் பரீட்சை. ஒக்டோபரோடு என் விசா முடிகிறது. அதற்கிடையில் முடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

மாமியிடம் ஸலாம் சொல்லுங்கள்.

நிஸ்றா

காத்தான்குடி
01.03.2025

அன்பின் மருமகளுக்கு, உன் மீது சாந்தி உண்டாவதாக.

பிறை கண்டால் நாளை நோன்பு. உனக்கு அங்கே பகல் எவ்வளவு நீளம் என்று மாமி கேட்கச் சொன்னார். உன் உம்மா இம்முறையும் நோன்பு பிடிப்பேன் என்று அடம்பிடிக்கிறார். டொக்டர் கூடாது என்கிறார். உன் உம்மாவுக்கு டொக்டரைவிடக் கூடத் தெரியும்.

இணைப்பை அமுக்கிப் பார்த்தேன். என் பெயர் இருக்கிறது. நல்லது.

வரைபடம் குறித்து. போனில் பார்க்கும்போது விரலால் விரித்தால் பெரிதாகிறது. அது எல்லோருடைய போனிலும் அப்படித்தானா? ஐந்தாவது வட்டம் அதிகம் பெரிதாகத் தெரிகிறது. அழகுக்காகக் கொஞ்சம் சிறிதாக்கலாம் அல்லவா? அல்லது ஐந்தையும் ஒரே அளவில் போடலாம்.

அசனார் உன்னை விசாரித்தார். துறையில் உனக்குத் தராசு தூக்கித் தந்தவர்தான், என்னைத் தன் அண்ணனாக வைத்து 'காக்கா' என்பவர். பாலையடி முனையில் அவரும் அவருடைய இரண்டு மச்சான்மாரும் நெடுநாளாக வலை வைக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அவர்களின் மூன்று வீட்டுக்கும் அந்த முனைதான் அடுப்பு.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மாமா

பேர்கன்
02.04.2025

மாமாவுக்கும் மாமிக்கும் பெருநாள் வாழ்த்துகள், ஸலாம்.

இங்கே பெருநாளன்று பள்ளியில் தொழுதுவிட்டு வந்து தனியாக வட்டிலப்பம் செய்தேன். இறுகவில்லை, கரண்டியால் குடித்தேன். உம்மாவிடம் சொல்லாதீர்கள்.

வட்டத்தைச் சிறிதாக்க முடியாது மாமா. அது அழகுக்குப் போட்டதல்ல, நண்டின் எண்ணிக்கை. உங்கள் எண்ணிக்கைதான்!

இப்போது சந்தோஷமான செய்தி. கட்டுரையை இதுவரை அறுநூற்று நாற்பது பேர் இறக்கியிருக்கிறார்கள், அதில் ஐம்பத்திரண்டு இலங்கையிலிருந்து. வாவியோரத் தண்ணீரில் வளரும் கண்டல் மரக் காட்டைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றின் ஆட்கள் எனக்கு எழுதினார்கள். வாவியைப் பற்றிய எத்தனையோ கட்டுரை பூட்டிக் கிடக்கிறதாம், இது சும்மா கிடைத்ததால் உடனே அச்செடுத்து வேலையைத் தொடங்கிவிட்டார்களாம். குஞ்சு நண்டு வளரும் இடத்தில் இரண்டு வருடத்துக்கு வலையும் கூடும் வைக்காமல் மிதவை போட்டு மறிக்கப் போகிறார்கள். அதாவது பாலையடி முனை. உங்கள் சங்கத்தில் கூட்டம் வைத்துச் சம்மதம் கேட்பார்கள்.

அசனார் மாமாவுக்குக் கஷ்டம்தான், எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் குஞ்சுகள் தப்பினால் மூன்றாம் வருடம் எல்லோருக்கும் நண்டு. அவருக்கு நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்.

பூட்டியிருந்தால் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்?

நிஸ்றா

காத்தான்குடி
05.05.2025

அன்பின் மருமகளுக்கு, ஸலாம்.

யாவரும் சுகம்.

மேற்படி கூட்டம் சென்ற மாதம் இருபத்தாறாம் திகதி பின்னேரம் சங்கக் கட்டடத்தில் நடந்தது. இருபத்தொன்பது பேர் வந்தார்கள். கட்டுரையில் உள்ள என் பெயரை வாசித்தார்கள், கை தட்டினார்கள். றோல்ஸும் பிளேன்ரீயும் தந்தார்கள். அசனார் சம்மதக் கையெழுத்து வைத்தார். மிதவை போட்டாயிற்று.

வெயில் கடுமை. மாங்காய் இம்முறை குறைவு.

மாமா

பேர்கன்
28.05.2025

மாமாவுக்கு நிஸ்றாவின் ஸலாம்.

நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை வழமைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன். போன் எடுத்தால் மாமி எடுக்கிறார், நீங்கள் எப்போதும் தொழப் போயிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை வேளை தொழுகிறீர்கள்?

உம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒண்ட மாமா ஆத்துத் தொழிலுக்குப் போய் ஒரு மாசமாகுது. கூடெல்லாம் வேலியோரம் அடுக்கிக் கெடக்கு. கேட்டா மேல் நோவு எங்கிறான். அசனார் சீமெந்து கொழைக்கப் போறான். வேலைக்குப் போற வழியில இவன்ட வாசல் கடப்படிய தாண்டித்தான் போகணும். இவன் உள்ளுக்க போய் நிக்கிறான்."

மறித்தது ஓர் இடம். உங்கள் மற்ற நாலு இடமும் திறந்துதானே கிடக்கிறது? அங்கே கூடு வைக்க உங்களுக்கு என்ன தடை? அசனார் மாமாவைக் கண்டு ஏன் உள்ளே போகிறீர்கள்?

ஜனவரியிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்து வாசித்தேன். பூட்டு வேண்டும், வட்டத்தைச் சிறிதாக்கு, விரலால் விரித்தால் பெரிதாகிறதா. நான் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த ஐந்தாவது வட்டத்தில் என்ன இருக்கிறது மாமா? எழுதுங்கள்.

நிஸ்றா

காத்தான்குடி
09.06.2025

அன்பின் மகள் நிஸ்றாவுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ நேராகக் கேட்டாய், நேராக எழுதுகிறேன்.

நாலு புள்ளி சரி. ஐந்தாவது பொய். கொப்பியில் பாலையடி முனை என்று எழுதிய நாளெல்லாம் நான் கூடு வைத்தது சுருக்குமடுவில். அது அடுத்த முனையைத் தாண்டி உள்ளே, கண்டல் வேருக்குள் ஒரு தோணி மட்டும் நுழையும் இடம். என் வாப்பா எனக்குக் காட்டியது. எனக்குப் பிறகு நீ ஒருத்திதான் இப்போது அந்தப் பெயரைக் கேட்கிறாய்.

ஆற்றுத் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. 'எங்கே பிடித்தாய்' என்று ஒருவன் கேட்டால் சொல்லாமல் விடக்கூடாது, அது மரியாதையில்லை. ஆனால் ஒரு முனை தள்ளிச் சொல்வோம். கேட்கிறவனுக்கும் அது தெரியும். அவனும் அங்கே தேடிப் போகமாட்டான். எங்களில் ஒருவரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. நீ துறையில் தராசோடு இருந்து முதல் நாள் இடம் கேட்டபோது என் வாய் தானாக அப்படிச் சொல்லிவிட்டது. அடுத்த நாள் மாற்றிச் சொல்ல வெட்கம். பிறகு பதினான்கு மாதம் அதையே எழுதினேன். எங்கேயோ ஓர் அலுமாரிக்குள் கிடக்கப்போகிற கட்டுரைதானே என்று என்னைச் சமாதானப்படுத்தினேன். அது சுற்றிக்கொண்டு நம் துறைக்கே வரும் என்று நான் கண்டேனா?

கூட்டத்தில் திட்ட அதிகாரி உன் வரைபடத்தைப் பெரிதாக அடித்துச் சுவரில் ஒட்டினார். அசனார் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. தன் முனையில் குஞ்சு நண்டு இல்லை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? "ஒங்களுக்கு ஏதும் ஆட்சேபனை இரிக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"சரீப் காக்கா எழுதினத்துக்கு மேல நான் என்னத்தச் செல்ற?" என்றார் அசனார்.

அவ்வளவுதான். 'இது பிழை' என்று அவர் சொன்னால் 'அப்படியானால் எது சரி' என்று கேட்பார்கள். அவர் தன் முனைக்கு அடுத்த முனைகளைக் காட்டவேண்டி வரும், அதில் ஒன்றில்தான் என் இடம். இன்னொருவனின் இடத்தைக் காட்டிக்கொடுப்பது எங்களிடம் இல்லை. தன் சோற்றை விட்டுக்கொடுத்து என் இடத்தை மறைத்தார். நான் றோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். அதன் பிறகு எந்த முகத்தோடு சுருக்குமடுவுக்கோ வேறிடத்துக்கோ போய்க் கூடு வைப்பேன்?

என்னை மன்னி என்று எழுத எனக்குத் தகுதியில்லை.

சரீப்

பேர்கன்
13.06.2025

மாமாவுக்கு,

ஸலாம் சொல்லாமல் தொடங்கினால் உம்மா ஏசுவார். ஸலாம்.

ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது. இதிலும் கோபம்தான் இருக்கிறது, ஆகவே அனுப்பிவிடுகிறேன்.

பதினான்கு மாதம்! நாலு தடவை உங்களிடம் கேட்டேன், 'மாமா, இடம் சரிதானே' என்று. நான் அங்கே கேட்டது ஆற்றில் போகிற வழிப்போக்கனாக இல்லை. உங்கள் கூடப்பிறந்த ராத்தாவின் மகளாகக் கேட்டேன். எனக்குமா ஒரு முனை தள்ளி?

என் பிழையையும் எழுதுகிறேன். துறையில் குந்திக்கொண்டு நண்டை மட்டும் அளந்தேன். ஒரு நாளாவது தோணியில் ஏறி வந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்காததைப் பார்த்ததுபோல் அச்சில் போட்டேன். 

இப்போது என் நிலைமை. மேற்பார்வையாளரிடம் சொன்னால் ஆய்விதழுக்குச் சொல்லவேண்டும். அவர்கள் கட்டுரையையே மீளப்பெறச் சொல்லலாம். அத்தியாயம் போனால் செப்டெம்பர்ப் பரீட்சை இல்லை, ஒக்டோபரில் விசாவும் இல்லை. ஐந்து வருடம் படித்துவிட்டுப் பட்டம் இல்லாமல் வந்து இறங்குவேன். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும் அசனார் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும். அவரோ வாய் திறக்கமாட்டார். இதை யோசித்துப் பார்த்தேன் என்று எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நீங்கள் போய் முதலில் அசனார் மாமாவிடமும், பிறகு திட்டக்காரரிடமும் உண்மையைச் சொல்லுங்கள். ஒருவேளை அங்கேயே முடிந்துவிடலாம்.

நிஸ்றா

காத்தான்குடி
02.07.2025

அன்பின் மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கோபம் நியாயம். உன் உம்மாவிடமும் சொன்னேன். அன்று பகல் எனக்குச் சோறு தரவில்லை, அதுவும் நியாயம்.

அசனார் வேலை செய்யும் வீட்டுக்கே போனேன். சீமெந்துக் கையோடு நின்றார். "நான் செய்தது அநியாயம், மிதவையைக் கழற்ற வைக்கிறன்" என்றேன். "வெயில்ல நிக்காதீங்க காக்கா, ஊட்ட போங்க" என்றார். மறுபடி சீமெந்து குழைக்கத் தொடங்கினார்.

பிறகு சங்கத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து சுருக்குமடு என்று வாயால் சொன்னேன். இந்த வயதில் உடுப்பைக் கழற்றி நின்றதுபோல் இருந்தது. மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். திட்ட அதிகாரி மரியாதையான பிள்ளைதான். ஆனால் கையில் இருந்த தாளைக் காட்டினார். "அய்யா, நீங்க வாயால சொல்றத வைச்சு நான் மிதவைய மாத்த ஏலாது. இது நீங்களே பேர் போட்டு வெளியிட்ட ஆய்வு. நாளைக்கு வேறொருத்தர் வந்து வேற இடம் சொல்லுவார். கட்டுரையில என்ன இருக்கோ அதத்தான் மேலிடம் பாக்கும்" என்றார். நான் எழுதியது என்னைவிடப் பெரியதாகிவிட்டது.

இது அறிவித்தல் மாத்திரம். உன் பரீட்சை செப்டெம்பரில். நீ அதைக் கவனமாகப் பார். உன் உம்மாவின் மருந்தும் அரிசியும் என் பொறுப்பு. நண்டு இல்லாவிட்டாலும் எனக்குக் கையும் காலும் இருக்கிறது.

மாமா சரீப்

பேர்கன்
21.08.2025

மாமாவுக்கு, ஸலாம்.

ஏழு கிழமை எழுதாமல் இருந்தேன். கோபத்தால் இல்லை, முடிவு தெரியாமல் எழுதப் பிடிக்கவில்லை. இப்போது தெரியும்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் 'திருத்து' என்று ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அதனால்தான் அன்றே மேற்பார்வையாளரிடம் போனேன். கட்டுரையை எடுத்து வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, பட்டத்துக்கு ஆய்வு எழுதுகிறவள் வந்து இப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை என்றார். பாராட்டா திட்டா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஆய்விதழ் மீளப்பெறச் சொல்லவில்லை. நண்டின் அளவு, பருவம், எண்ணிக்கை எல்லாம் சரி, இடம் மட்டும் பிழை என்று நான் காட்டவேண்டியிருந்தது. உம்மா மூலம் நான் கேட்டு நீங்கள் புதிதாகக் குறித்து அனுப்பிய வரைபடமும் அசல் கொப்பியின் பக்கங்களும் அதற்கு உதவின. திருத்தக் குறிப்பு பதினெட்டாம் திகதி வெளியாகிவிட்டது. அதே கட்டுரையின் தலையில் தொங்குகிறது, அதுவும் எல்லோருக்கும் திறந்துதான். நூலக அம்மணி சொன்னார், பூட்டிய கட்டுரை என்றால் பிழையை வாசித்தவர்களில் பாதிப் பேர் திருத்தத்தைப் பார்க்கவே மாட்டார்களாம்.

காரணமும் எழுதச் சொன்னார்கள். நான் எழுதியது தமிழில் இப்படி வரும்: 'ஐந்தாவது இடத்தை இரண்டாவது ஆசிரியர் தம் தொழில் வழக்கப்படி ஒரு முனை தள்ளிக் கூறினார். முதலாவது ஆசிரியர் அதை நேரில் சென்று சரிபார்க்கவில்லை.' பிழையை நம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறேன்.

பரீட்சை மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. விசாவை நீட்டக் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. அதுவரை பின்னேரங்களில் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். பயமாக இருக்கிறது மாமா. ஆனால் நித்திரை வருகிறது.

குறிப்பை அச்செடுத்துத் திட்டக்காரரிடம் கொடுங்கள்.

நிஸ்றா

காத்தான்குடி
19.10.2025

அன்பின் மகள் நிஸ்றாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் சுகம். விசா ஏப்ரல் வரைக்கும் நீண்டது என்று உன் உம்மா சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறும் தந்தார், பொரித்த மீனும் வைத்தார்.

திருத்தக் குறிப்பைக் கொடுத்து நாலு கிழமைக்குப் பிறகு மிதவைகளைக் கழற்றிச் சுருக்குமடுவில் போட்டார்கள். நானும் கூடப் போய் இடம் காட்டினேன். இரண்டு வருடத்துக்கு எனக்கு அங்கே வேலையில்லை. கயிறு கட்டும்போது தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தேன், குஞ்சுகள் வேருக்குள் ஓடின. பத்தில் ஏழு என்று நீ எழுதியது குறைவு.

மற்ற நாலு இடத்திலும் கூடு வைத்தேன். அவ்வளவு சரியில்லை.

பத்தாம் திகதி வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு அசனார் வீட்டுக்கு வந்தார். தன் முனையில் மறுபடி வலை வைக்கத் தொடங்கிவிட்டார். மாமி பிளேன்ரீ கொடுத்தார். குடித்து முடித்தார். எழும்பும்போது, "காக்கா, கூட்ட எடுத்துக்கிட்டுப் போய் இன்ன எடத்துல வைங்க. எனக்கு அங்கதான் நண்டு" என்று ஓர் இடத்தைச் சொன்னார். சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் சனிக்கிழமை வழக்கப்படி அவர் சொன்னதிலிருந்து ஒரு முனை தள்ளிப் போய் வைத்தேன். ஒன்றுமில்லை. மறு பக்கம் ஒரு முனை தள்ளி வைத்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை யோசித்து, யோசித்து, அவர் சொன்ன இடத்திலேயே வைத்தேன். நாற்பது கூட்டில் முப்பத்தொன்றில் நண்டு.

ஐம்பத்தெட்டு வயதுக்கு எனக்கு என் வாப்பாவைத் தவிர ஒருவரும் இடத்தை இடமாகச் சொன்னதில்லை மகள். நான் அவருடைய சோற்றில் கை வைத்தவன். தோணியில் இருந்து அழுதேன்.

அந்த இடத்தின் பெயரை உனக்கு எழுதமாட்டேன். குறை நினைக்காதே. அது அசனாருடையது, அவரிடம் கேள்.

மார்ச்சில் பரீட்சையை நன்றாகச் செய்.

மாமா சரீப்